எண்பத்தொரு வருடச் சுமை

எனக்குப் பொறாமை உண்டு. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. மறைக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பும் இல்லை. தி.நகரில் ஒரு பட்டுக்கடையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தேன். எனக்குக் கீழ்த்தளம்: துண்டு, லுங்கி, பாவாடைத் துணி. கருணாகரனுக்கு இரண்டாம் மாடி: ஏ.சி., மெத்தை விரிப்பு, முகூர்த்தப் பட்டு. என்னிடம் வருகிறவர்கள் லுங்கியைக் கசக்கிப் பார்த்து, "சாயம் போவுமா?" என்று கேட்பார்கள். அவனிடம் வருகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போவார்கள். அவன் போய்ச் சாப்பிட்ட கல்யாணங்களை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நானூறில் நிறுத்திவிட்டேன், வயிறு எரிந்தது.

ரிட்டயர் ஆன பிறகாவது அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அவன் ஆதம்பாக்கத்தில் பிளாட் வாங்கிக்கொண்டு போனான். நான் மந்தைவெளியில் பழைய வாடகை வீட்டிலேயே இருந்தேன். போன மாசியில் எனக்குக் கண் மஞ்சளாயிற்று, உடம்பெல்லாம் அரிப்பு. என் பெண்டாட்டி மீனாட்சி ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக் குழாய் போய்க் கணையத்தில் சேருகிற முனையில் ஒரு கட்டி, புற்றுநோய் என்றார்கள். அடையாற்றுக்கு அனுப்பினார்கள். அங்கே இருப்பது 'முதியோர் கல்லீரல், பித்தநாள, கணையப் புற்றுச் சுமை உலக ஆய்வு நிலையம்.' பெயர்ப்பலகை வாசலில் ஆரம்பித்துப் பக்கத்துக் காம்பவுண்டு வரைக்கும் போகும். ஆட்டோக்காரர்கள் 'சுமை ஆபீஸ்' என்பார்கள்.

உள்ளே போனால், கீழ்த்தளத்தில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறான் கருணாகரன்.

"மச்சி! நீயுமா? எனக்குக் கல்லீரல்பா. உனக்கு?"

பார்த்தீர்களா. இதிலும் அவனுக்குக் கல்லீரல். கல்லீரல் என்றால் எவனுக்கும் புரியும், கேட்டவுடன் "ஐயோ" என்பான். நான் என்னுடையதைச் சொன்னபோது வாசல் வாட்ச்மேன், "கணையமா? அது எங்க கீது சார்?" என்று தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நிலையத்தில் கல்லீரலுக்குக் கீழ்த்தளம் முழுக்கக் கொடுத்திருந்தார்கள். ஏ.சி., மீன்தொட்டி, காபி மிஷின் எல்லாம் அங்கேதான். முதல் மாடி பித்தநாளம். அங்கே மின்விசிறி உண்டு. கணையம் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. என் கட்டியோ பித்தநாளமும் கணையமும் சேருகிற இடத்தில். முதல் மாடிக்காரர்கள் "மேல போங்க" என்றார்கள், மொட்டை மாடிக்காரர்கள் "கீழ போங்க" என்றார்கள். நாலு நாள் ஏறி இறங்கினேன். ஐந்தாம் நாள் ஒரு சுற்றறிக்கை போட்டு, இரண்டு மாடிக்கும் நடுவில் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். தலைக்கு மேல் 'சந்திப்புப் பிரிவு' என்று ஒரு அட்டை. அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் நோயாளி. போகிற வருகிறவர்கள் எல்லாரும் முழங்காலால் என்னை இடித்தார்கள்.

அந்தக் கட்டிடத்திலேயே நோயைப் பற்றிப் பேசியவர் ஒருவர்தான், அறுவை சிகிச்சை டாக்டர் செம்பியன். மூன்று மாடிக்கும் கத்தி அவர் ஒருவரே. அவர் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"வேலு சார், இப்ப எடுத்தா எடுத்துடலாம். ஆறு வாரம் போச்சுன்னா பக்கத்துல இருக்கற ரத்தக்குழாயைச் சுத்திக்கும். அப்பறம் நான் கத்தி வைக்க முடியாது."

"அப்ப இப்பவே வைங்க சார்."

"வெள்ளிக்கிழமை என்னை லிஸ்பன் மாநாட்டுக்கு அனுப்பறாங்க. திரும்பி வர ஆறு வாரம். அதுக்கு முன்னாடி வியாழக்கிழமை ஒரு இடம்தான் காலி இருக்கு. யாருக்குன்னு முடிவு பண்றது நான் இல்ல, சுமைப் பிரிவு."

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று மீனாட்சி கேட்டாள். கேட்டுப் பார்த்தோம். ஒரு தடவை இங்கே எண்ணப்பட்ட நோயாளி வேறு இடத்துக்குப் போனால் உலகத்தில் ஒரு நோயாளி இரண்டு தடவை எண்ணப்பட்டுவிடுவானாம். அதனால் ஸ்கேன், ரிப்போர்ட் எதையும் வெளியே தர மாட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் எடுத்தால் அதற்கே ஆறு வாரம் ஆகும்.

சுமைப் பிரிவில் நிஷா என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். தங்கமான பொண்ணு, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

"அங்கிள், இது ரொம்ப சிம்பிள். மனுஷன் எண்பத்தாறு வயசு வரைக்கும் இருக்கணும்னு நிலையத்துல வெச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி போனா எத்தனை வருஷம் நஷ்டமோ, அதுதான் உங்க சுமை. உங்க ஆதார்ல எழுபது வயசு. அப்ப உங்க சுமை பதினாறு வருஷம்."

"சரிம்மா."

"கருணாகரன் அங்கிளுக்கு அறுபத்தெட்டு. அவர் சுமை பதினெட்டு. அதிகச் சுமை யாருக்கோ அவங்களுக்குத்தான் வியாழக்கிழமை."

செத்துப்போகிற கணக்கில்கூட அவன் என்னைவிட இரண்டு வருடம் ஒசத்தியா?

அதுவும் பொய்க் கணக்கு. எங்கள் காலத்தில் பிறந்த தேதியை எவன் எழுதிவைத்தான்? நானும் கருணாகரனும் படித்த மயிலாப்பூர் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வாசலில் நிற்பார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது என்று எழுதி உள்ளே விடுவார். தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. எனக்குச் சின்ன வயதிலேயே நீளமான கை. நாலு வயதில் தொட்டுவிட்டேன், ஐந்து என்று எழுதினார்கள். கருணாகரனுக்குக் குட்டைக் கை. ஏழு வயதில்தான் காது எட்டியது. அவனுக்கும் ஐந்து என்றே எழுதினார்கள். அதற்குள் நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, பெயிலாகி, இன்னொரு தடவையும் பெயிலாகி, அவன் வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தேன். ஆக, நிஜத்தில் அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். காகிதத்தில் இரண்டு வயது இளையவன்.

வீட்டில் மீனாட்சி கொதித்தாள். "இன்னாயா இது அநியாயம்! கை நீட்டமா இருந்தது உன் குத்தமா? போய் சொல்லுய்யா. வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?"

நான் மனு எழுதினேன். உயிர் பிழைக்க வேண்டும் என்று எழுதவில்லை. கருணாகரனின் வயது தப்பு என்றுதான் முதல் வரி எழுதினேன், என் வயதும் தப்பு என்பது இரண்டாம் வரி. கை தானாக அப்படித்தான் எழுதிற்று.

மனு போன மூன்றாம் நாள் 'வயதுத் தெளிவுக் குழு' கூடியது. மாடிக்கு ஒருவராக மூன்று பேர். கணையப் பிரிவின் தலைவி டாக்டர் ஷண்முகப்ரியாதான் தலைமை. பதினோரு வருடமாகத் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருப்பவர். கீழ்த்தளத்து மீன்தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை என் நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அவரைப் புரிந்தது.

குழு ஒரு மணி நேரம் விவாதித்தது. ஒரு ஆவணம் எந்த முறையில் உண்டானதோ அதே முறையில்தான் அதை மறுபரிசீலனை செய்ய முடியும் என்பது விதி. என் வயது காதைத் தொட்டதால் உண்டானது. ஆகவே நான் மறுபடியும் காதைத் தொட வேண்டும்.

மொட்டை மாடியில் வெயிலில் என்னை நிற்க வைத்தார்கள். ஒருவர் படம் எடுத்தார், ஒருவர் டேப் வைத்து என் கையை அளந்தார். அறுபத்தொன்பது வயதில், பத்து கிலோ இளைத்த உடம்போடு, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டேன். சுலபமாக எட்டியது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அறிக்கை வந்தது. 'மனுதாரர் வலக்கையால் இடக்காதைத் தொட்டதைக் குழு நேரில் கண்டது. எனவே மனுதாரருக்கு ஐந்து வயது பூர்த்தியாகிவிட்டதெனப் பெரும்பான்மை முடிவு செய்கிறது. கல்லீரல் பிரதிநிதி மட்டும், விரல் தொட்டது காதின் நுனியைத்தான், முழுக் காதையும் அல்ல என்று மறுப்புத் தெரிவித்தார்.'

"டாக்டரம்மா, எனக்கு அறுபத்தொம்பது வயசு" என்றேன்.

டாக்டர் ஷண்முகப்ரியா கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "வேலு சார், எண்பத்தாறுலேருந்து அஞ்சு போனா எண்பத்தொண்ணு. ஒரே ஆள்! கல்லீரல்ல நாலு பேரை ஒண்ணாக் கட்டினாலும் இது வராது. நீங்க இனிமே படிக்கட்டுல உட்கார வேண்டாம். மேல வாங்க, என் ரூம்ல உட்காருங்க. ஃபேன் இருக்கு."

நிஷா பயந்துகொண்டே எண்ணைத் தட்டினாள். "அங்கிள், சிஸ்டம் எடுத்துக்கிச்சு" என்றாள்.

நான் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன். கருணாகரன் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தான்.

"உன் சுமை எவ்ளோபா?"

"பதினெட்டு மச்சி."

"என்னுது எண்பத்தொண்ணு."

அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் காத்திருந்தேன். அவன், "அடேங்கப்பா. அப்ப வியாயக்கெயம உனக்குத்தானா? நல்லதா போச்சு மச்சி. சீக்கிரம் பண்ணிக்கோ" என்றான். எரிச்சலாக வந்தது. ஒருவேளை நடிக்கிறானோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை என்னை வார்டில் சேர்த்தார்கள். அங்கேதான் ஐந்து வயதின் கஷ்டம் ஆரம்பித்தது. காலையில் அரை டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. ஒரு நர்ஸ் கட்டிலுக்கு இருபக்கமும் தடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். சம்மதப் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் போய் முப்பது வருடம் ஆகிறது. மீனாட்சி, "நான் போடறேன், நான் அவரு சம்சாரம்" என்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "அம்மா, அஞ்சு வயசுக் குழந்தைக்கு சம்சாரம்னு நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க மேல வேற சட்டம் பாயும்" என்றார். நாற்பத்தோரு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காலை டாக்டர் செம்பியன் ஒரு தாளோடு வந்தார்.

"வேலு சார், இந்தக் கூத்து போதும். பெத்தவங்க கையெழுத்து இல்லன்னு உங்க பேரை எடுத்துட்டு கருணாகரனைப் போட்டுட்டாங்க. நான் சண்டை போட்டு ஒரு வழி பண்ணியிருக்கேன். வியாழக்கிழமை ரெண்டு ஆபரேஷனும் நானே பண்றேன், ராத்திரி ஆனாலும் பரவால்ல. 'எனக்கு எழுபது வயது' அப்படின்னு இதுல நீங்க கையெழுத்துப் போட்டா போதும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல கொடுக்கணும். அதுக்கப்பறம் லிஸ்ட்டைப் பூட்டிடுவாங்க. கருணாகரன் முதல்ல, நீங்க ரெண்டாவது."

"ரெண்டாவதா?"

என்னை நீங்கள் காறித் துப்பலாம். ஆனால் அப்போது என் வாயில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அன்றைக்குத்தான் மயிலாப்பூரில் ஒரு சபா ஹாலில் நிலையத்தின் உலகச் சுமை விழா. மூன்று மணிக்கு ஆரம்பம். 'உலக முதல் சுமை' என்று எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டால் நான் வெறும் பதினாறு. பொன்னாடை கிடையாது.

"மூணரைக்குப் போத்திடுவாங்க. அப்பறம் போடறேன்" என்றேன். "அங்கேருந்து ஆட்டோ பிடிச்சா இருபது நிமிஷம்."

மீனாட்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு துண்டுக்காவா? முப்பத்து நாலு வருசம் துண்டுதானயா மடிச்ச!" என்றாள். ஆனாலும் தாளையும் பேனாவையும் பையில் வைத்துக்கொண்டு ஹாலில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில் கல்லீரல் பிரிவின் தலைவர் பேசினார். முக்கால் மணி நேரம். "எண்பத்தொன்று என்பது ஒரு தனிநபர் சாதனை. நாங்கள் கல்லீரல்காரர்கள் ஒரே ஆளை நம்பி இருப்பவர்கள் அல்ல. கஷ்டப்பட்டு, ஒவ்வொரு முதியவராகச் சேர்த்து, இந்தச் சுமையை வளர்த்திருக்கிறோம். நேற்று முளைத்த கணையம் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லி, என்னை ஒரு முறை முறைத்தார். அந்தப் பார்வை எனக்கு இனித்தது. ஆனால் மணி நாலாகிவிட்டது.

பித்தநாளத்துக்காரர், சந்திப்பில் தங்களுக்கும் பாதி பாத்தியதை உண்டு, நாற்பதரை வருடத்தைத் தங்கள் பிரிவில் எழுத வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். டாக்டர் ஷண்முகப்ரியா எழுந்து, தர முடியாது என்று பதினைந்து நிமிடம் பேசினார். மீனாட்சி கையைத் தூக்கித் தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். நான் கண்ணால் 'இரு, இரு' என்றேன்.

நாலே முக்காலுக்கு இயக்குநர் டாக்டர் சித்தார்த்தன் மைக்கைப் பிடித்தார்.

"உலகம் முழுவதும் முதியவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். அவர்களுடைய கல்லீரலிலும் பித்தநாளத்திலும் கணையத்திலும் சுமை ஏறிக்கொண்டே போகிறது. பத்து வருடத்துக்கு முன்னால் இதே லிஸ்பன் மாநாட்டில் எனக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். ஏன்? நம்மிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி சுமை இல்லை. மேடையில் ஒரு குட்டி நாட்டுக்காரர் நின்றார். அவரிடம் என்ன சுமை, என்ன சுமை! அன்று ஓட்டல் அறையில் நான் அழுதேன். இந்த வருடம் தூணுக்குப் பின்னால் அவர் உட்காருவார்!"

கைதட்டல் நிற்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

"சிலர் கேட்கிறார்கள், இவர்களைக் குணப்படுத்தினால் என்ன என்று. நல்ல கேள்விதான். குணப்படுத்தினால் எண் குறையும். எண் குறைந்தால் இந்த நிலையம் எதற்கு என்பார்கள். நிலையம் இல்லாவிட்டால் இந்த ஏழை முதியவர்களை எண்ணுவதற்கு உலகத்தில் யார் இருக்கிறார்கள்?"

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி ஐந்து ஆகிவிட்டதை நான் மேடையிலிருந்தே சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். எழுந்திருக்கலாம் என்று கால் துடித்தது. இதோ, அடுத்தது பொன்னாடைதான் என்று உட்கார்ந்தேன்.

ஐந்தேகாலுக்குப் போர்த்தினார்கள். நானூறு கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவன் இதைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் கருணாகரனைத் தேடினேன். அவன் இல்லை. அவன் அடையாற்றில் மறுநாள் ஆபரேஷனுக்காக வார்டில் சேர்ந்து படுத்திருந்தான். பொன்னாடையை விரலால் கசக்கிப் பார்த்தேன். பட்டு இல்லை, பாலியெஸ்டர். சாயம் போகும்.

மேடையிலிருந்து இறங்கிக் கையெழுத்துப் போட்டேன். மீனாட்சி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். லஸ் சிக்னலில் ஆட்டோ பத்து நிமிடம் நின்றதாம். அவள் போனபோது லிஸ்டைப் பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள். தாளை வாங்க ஆள் இல்லை. வாட்ச்மேன்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாராம்.

வியாழக்கிழமை கருணாகரனுக்கு ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை டாக்டர் செம்பியன் விமானம் ஏறினார். போகிற வழியில் என் நாற்காலிக்கு வந்து, என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். என்னை மறுபடியும் படிக்கட்டில்தான் உட்கார வைத்திருந்தார்கள். எண் லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு ஆள் மேலே இருக்க அவசியமில்லை.

செம்பியன் போன பதினோராம் நாள் கருணாகரனைப் பார்க்கப் போனேன். பொன்னாடையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அவன் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்னி தொட்டு, முழு இட்லி. எனக்கு மோர் இறங்கியே நாலு நாள் ஆகிறது.

"வா மச்சி. இன்னா கண்ணு இவ்ளோ மஞ்சளா கீது? உனக்குத் தேதி இன்னும் குடுக்கலையா?"

"செம்பியன் வரணும். இன்னும் முப்பத்தோரு நாள் கீது" என்றேன்.

அவன் தட்டைக் கீழே வைத்தான். என் கையைப் பிடித்து, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தான். "இந்தக் கைய பாத்து சின்ன வயசுல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா? நீ ஒரே நாள்ல தொட்டுட்டு உள்ள பூட்ட. நான் ரெண்டு வருசம் கேட்டாண்டயே நின்னுக்கினு கீறேன். உன்ன மாரி கை வேணும்னு கபாலி கோயில்ல வேண்டிக்கினேன் மச்சி."

இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அறுபது வருடம் காத்திருந்தேன். கேட்டுவிட்டேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

நர்ஸ் வந்து அவன் சட்டையைத் தூக்கிக் கட்டைப் பிரித்தாள். வயிற்றின் குறுக்கே, வலது விலாவிலிருந்து இடது விலா வரைக்கும் ஒரே நேர்க்கோடாகத் தையல். நான் கடைக்காரன், எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணினேன். முப்பத்திரண்டு தையல். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றுகூட இல்லை.